உருளைக்கிழங்குக்கு ஒரு நிலா

செக் நாட்டுச் சிற்றூரான செமிலிக்கு நிலா கிடைத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அதன் பெயரில் தின்பண்டம் வந்துவிட்டது. பாலத்தடி பேக்கரியில் கசகசா வைத்த பெரிய கொலாச் ரொட்டி ஒன்று, அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பட்டாணி அளவில் இன்னொன்று. பெரியது கல்லாம், சின்னது நிலாவாம். நிலாவுக்குப் பெயர் எழுதிப் போட நகராட்சி வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். தீயணைப்புத் தொண்டர்களின் பேண்டு வாத்தியக் குழு சனிக்கிழமை விழாவுக்காக இசேரா ஆற்றங்கரையில் ஊதி ஊதிப் பழகி, தூண்டில் போட்டவர்களின் சாபத்தையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது.

ஊர் தலைகால் தெரியாமல் ஆடுவதிலும் ஒரு நியாயம் இருந்தது. பழைய நெசவாலைக் கட்டடத்தில் இருக்கும் கண்ணாடிப் பட்டறையில் செய்த கேமராதான் அந்த நிலாவைக் கண்டுபிடித்தது. கேமரா இப்போது ஒரு விண்கலத்தின் மூக்கில் உட்கார்ந்து, ஒரு சிறுகோளை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. அந்தக் கல்லுக்கு வானியலாளர்கள் வைத்தது வெறும் எண். பட்டறைக்காரர்கள் வைத்த பெயர் பிராம்போரா, அதாவது உருளைக்கிழங்கு. விண்கலத்துக்கு ஒரே வேலைதான்: போய் அதன்மேல் மோதிச் சாக வேண்டும். மோதினால் கல் எவ்வளவு நகர்கிறது என்று பூமியிலிருந்து அளப்பார்கள். பிராம்போராவால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் நாளைக்கு நிஜமாகவே பூமியைக் குறிவைத்து ஒரு கல் வந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கக் கூடாதல்லவா, அதற்கான ஒத்திகை இது. கலத்துக்கு இருந்தது ஒரே கண், அது செமிலியில் செய்த கண்.

அந்தக் கண்ணைப் பூட்டியவள் ரதானா மலினோவா. லென்ஸ்களை ஒவ்வொன்றாகக் குழாயில் இறக்கி, மயிரிழை பிசகாமல் நிறுத்தி, திருகு முடுக்கி மூடியது அவள் கை. தெருவில் போனால் நிறுத்தி நிறுத்திக் கைகுலுக்கினார்கள். ஐம்பது வயதில் இப்படி ஒரு மரியாதை யாருக்குக் கசக்கும்? அவளுக்குக் கசந்தது. அவளுக்கு அந்த நிலாவின்மேல் முதல் நாளிலிருந்தே நம்பிக்கை விழவில்லை.

நல்ல படங்களையெல்லாம் விஞ்ஞானிகள் பார்த்துக்கொண்டார்கள். ரதானா ஜெர்மனியிலிருந்த கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொல்லி, அவர்கள் உதவாது என்று ஒதுக்கிய படங்களைக் கேட்டு வாங்கினாள். ஒழுங்கான படத்தில் கேமரா நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். கெட்ட படத்தில்தான் அதன் சுபாவம் தெரியும் என்பது அவள் கட்சி. செவ்வாய்க்கிழமை காலை அப்படி ஒரு கெட்ட படம் கண்ணில் பட்டது. கலம் தன் உந்துகுழல்களைச் சோதித்துக்கொண்டிருந்த நேரத்தில் குலுங்கியபடி எடுத்த படம். நடுவில் இருக்க வேண்டிய கல் இடது ஓரத்துக்குப் போயிருந்தது. நிலா மட்டும் முந்தின படத்தில் இருந்த இடத்திலேயே ஆடாமல் அசையாமல் நின்றது.

நிலா என்றால் கல்லோடு போக வேண்டாமா? அவள் காபியைக் கீழே வைத்துவிட்டு மற்றப் படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். பத்து நாளில் புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருந்தது. கலத்தின்மேல் சூரிய வெளிச்சம் சாயும் கோணமும் அதே பத்து நாளில் அதே கணக்கில் நகர்ந்திருந்தது. பேராசிரியர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் நிலா வேண்டும் என்று ஆசை வந்துவிட்டால் அவர்களும் மனிதர்கள்தான்.

பட்டறையின் இயக்குநர் லுபோர் காளான் கூடையோடு அலுவலகத்துக்கு வந்தார். முந்தின நாள் மழை பெய்திருந்தது. மழைக்கு மறுநாள் செமிலியில் யாரும் காட்டுக்குப் போகாமல் நேராக வேலைக்கு வருவதில்லை.

"என்ன இன்ஜினியரம்மா, முகம் இப்படி இருக்கு? விஷக் காளானைத் தின்னுட்டியா?"

"நிலா இல்லை, லுபோர்."

"எங்க இல்லை?"

"எங்கயுமே இல்லை. அது நம்ம கேமராவுக்குள்ள இருக்கு."

லுபோர் கூடையை மேசைமேல் வைத்தார். அவள் காட்டிய படத்தைக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். "ஒரே ஒரு படம். அதுவும் ஆடின படம்."

"இன்னொரு படம் எடுக்கச் சொல்வோம். வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னாடி சொல்லியாகணும்."

வியாழக்கிழமை என்றதும் அவர் முகம் சுருங்கியது. கல்லில் மோதினால் அது சூரியனைச் சுற்றும் பாதை மாறியதா என்று அளக்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நிலாவில் மோதினால் அது கல்லைச் சுற்றும் நேரம் மாறியது சில வாரத்தில் தெரிந்துவிடும். அதனால் கல்லை விட்டுவிட்டு நிலாவையே அடிப்போம் என்று விஞ்ஞானிகள் துடித்துக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை முடிவெடுத்து, குறியை மாற்றச் சொல்லிக் கலத்துக்குக் கட்டளை அனுப்பிவிடுவார்கள்.

"இல்லாத ஒண்ணை அடிக்கப் போய்க் கலம் வெறும் வெளியில போய்ச் சேரும்," என்றாள் ரதானா. "திரும்பி வந்து இன்னொரு தடவை அடிக்க அதென்ன கல்யாண வீட்டுப் பேண்டா?"

"மெதுவாப் பேசு. அடுத்த கலத்துக்குக் கேமரா யார் செய்யறதுன்னும் இந்த மாசந்தான் முடிவாகுது. போட்டியில ரெண்டே பேர். ஒண்ணு நாம. இந்த நேரம் பார்த்து எழுந்து நின்னு, ஐயா எங்க கண்ணுல கோளாறுன்னு சொல்லணுமா?"

"ஆமா."

"இங்க இருபது குடும்பம் சாப்பிடுது, ரதானா."

"தெரியும். அதுல ஒண்ணு என்னோடது."

லுபோர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். கெட்ட மனிதரில்லை, கோழை என்றும் சொல்ல முடியாது. பட்டறையைத் தலையில் தூக்கிக்கொண்டு திரிபவர், அது கீழே விழுந்துவிடுமோ என்று குனியவே பயப்படுவார். கடைசியில் திரும்பாமலே சொன்னார்: "வெளிச்சம் எதுல பட்டு எப்படி உள்ள வருதுன்னு எனக்குக் காட்டு. காட்டினா நீ பேசு. காட்ட முடியலைன்னா யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

மத்தியானம்வரை அவள் கணக்குப் போட்டாள். சூரியன் சாயும் கோணத்திலிருந்து ஒரு கதிர் கிளம்பி, சென்சாரில் அந்தப் புள்ளி இருக்கும் இடத்துக்கு வந்து சேர வேண்டுமானால் ஒரே வழிதான் இருந்தது. மூன்றாவது லென்ஸின் விளிம்பில் பட்டுத் தெறிக்க வேண்டும். ஆனால் விளிம்பு முழுவதும் கறுப்பு மை பூசியது. வேண்டாத வெளிச்சத்தை விழுங்குவதற்காகத்தான் அந்த மை. மை பூசிய விளிம்பிலிருந்து எதுவும் தெறிக்காது.

மை பூசியது அலோயிஸ் மலினா. பட்டறையின் தலைமைத் தீட்டுக்காரன், அவளுடைய முன்னாள் கணவன். விவாகரத்து ஆகி மூன்று வருடம் ஆகியும் அவள் அவன் குடும்பப் பெயரைத்தான், பெண்ணுக்கு மலினோவா என்று வரும் அதை, வைத்திருந்தாள். பாசத்தால் அல்ல, பாஸ்போர்ட்டிலும் வங்கியிலும் மாற்ற அலைய யாருக்கு நேரம்? கீழ்த்தளத்தில் அவன் கண்ணாடியைத் தீட்டுவான், மேலே தூசியில்லா அறையில் அவள் பூட்டுவாள். அவள் படியிறங்கி வந்ததைப் பார்த்ததும் அவன் தீட்டும் இயந்திரத்தை நிறுத்தினான்.

"வாங்க மகாராணி! நிலாவைக் கண்டுபிடிச்ச கையோட பூமிக்கு எழுந்தருளியிருக்கீங்க."

"கிண்டலை மூட்டை கட்டி வை. மூணாவது லென்ஸோட விளிம்புல என்ன பண்ணினே?"

"விளிம்புல எல்லாரும் என்ன பண்ணுவாங்களோ அதைத்தான். ஏன், இப்ப அதுலயும் குத்தம் கண்டுபிடிச்சாச்சா? கொஞ்ச நாளா நிம்மதியா இருந்தேன், பொறுக்கலை உனக்கு."

"அலோயிஸ், விளையாடலை. அங்கேருந்து வெளிச்சம் தெறிக்குது. நிலாங்கிறாங்களே, அது அதுதான்."

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். நிறைய நேரம் துடைத்தான். "மை முழுசாத்தான் பூசினேன். அம்பு இருந்த இடம் மட்டும் விட்டேன். வழக்கம்தானே."

அந்தப் பட்டறையின் வழக்கம் அது. லென்ஸின் இரண்டு முகமும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். மாற்றிப் போட்டால் கேமரா குருடு. அதனால் தீட்டுக்காரன் விளிம்பில் பென்சிலால் ஒரு அம்பு போடுவான், வானத்தைப் பார்க்க வேண்டிய முகம் எது என்பதற்கு. மை பூசும்போது அம்பு தெரிய நகக்கண் அளவு இடத்தை மட்டும் விட்டுவிடுவான். லென்ஸ் குழாயில் சரியாக உட்கார்ந்த பிறகு, பக்கத்துத் துளை வழியாக மெல்லிய தூரிகையை விட்டு அந்த இடத்தையும் மையால் மூடிவிட வேண்டும்.

"அந்த இடத்தை யார் மூடினது?" என்று கேட்டாள் ரதானா.

"யாரு? நீதான். குழாயில இறக்கினவ நீ."

"நான் என்னைக்கு மூடியிருக்கேன்? நான் இறக்கி நிறுத்திட்டு உன்னைக் கூப்பிடுவேன். நீ உன் பிரஷ்ஷைத் தூக்கிட்டு மாடிக்கு வருவே. பதினைஞ்சு வருஷமா அப்படித்தானே?"

"நீ கூப்பிட்டா வருவேன்," என்றான் அவன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த லென்ஸைப் பூட்டியது அவர்கள் நீதிமன்றத்துக்கு அலைந்த குளிர்காலம். அப்போது இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. லென்ஸ்களை அவன் சுவரிலிருந்த சின்னக் கதவு வழியாக வைத்துவிட்டுப் போவான். அவள் அவன் போன பிறகு எடுத்துக்கொள்வாள். வேலை நிற்கக் கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே வீம்பு.

"நீ கூப்பிடலை," என்றான் அலோயிஸ். குரலில் கிண்டல் போயிருந்தது. "என்னைப் பார்க்கப் பிடிக்காம நீயே மூடிக்கிட்டேன்னு நினைச்சேன்."

"நான் வீட்டுக்குப் போனப்புறம் நீ சத்தமில்லாம வந்து மூடிட்டுப் போயிடுவேன்னு நினைச்சேன். என் மூஞ்சியில முழிக்காம வேலையை முடிக்க உனக்கும் அதுதானே வசதி."

ரதானாவுக்குக் கோபம் வந்தது. அவன்மேலா, தன்மேலா என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம். இரண்டு படித்த முட்டாள்கள் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாததால், கோடி கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு நிலா முளைத்திருந்தது. கேமராவை அனுப்புமுன் செய்த சோதனையில்கூட அது மாட்டவில்லை. சோதனை விளக்கு நின்றது குழாயின் மறுபக்கம்.

"நிரூபிக்கணும்," என்றாள். "மாற்றுக் கேமராவைத் திறக்கலாம்."

"அதுல நான் மூடியிருக்கேன். அதைச் செய்யறப்ப நாம பேச ஆரம்பிச்சாச்சு."

"அதனாலதான் சொல்றேன். மூடினதைச் சுரண்டு."

அலோயிஸ் அவளை விசித்திரமாகப் பார்த்தான். மாற்றுக் கேமரா லுபோரின் கண்மணி. பறந்துபோனதன் இரட்டைப் பிறவி, யார் வந்தாலும் காட்டுவதற்காகப் பூட்டிய அலமாரியில் இருந்தது. அடுத்த ஆர்டருக்கு நீட்டப் போவதும் அதைத்தான்.

"லுபோர் நம்மை உயிரோட தோலுரிச்சிடுவார்."

"உரிக்கட்டும். வா."

புதன்கிழமை முழுவதும் அதிலேயே போனது. கேமராவை அவள் கழற்றினாள். மூன்றாவது லென்ஸ் வெளியே வந்ததும் அலோயிஸ் அதைக் கையில் வாங்கி, உருப்பெருக்கியின் கீழே வைத்து, தன் கையால் பூசிய மையைத் தன் கையாலேயே சுரண்டினான். மறுபடி பூட்டி, கேமராவை மேசையில் நிறுத்தி, சூரியனுக்குப் பதிலாக ஒரு விளக்கைக் கணக்குப் போட்ட கோணத்தில் வைத்தாள். நடுவில் பிராம்போராவுக்குப் பதில் ஒரு குண்டூசித் துளை வெளிச்சம்.

திரையில் குண்டூசித் துளை தெரிந்தது. அதன் பக்கத்தில், எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த அளவில், குட்டியாக ஒரு நிலா. விளக்கை ஒரு விரற்கடை நகர்த்தினாள். நிலாவும் நகர்ந்தது.

தன் கணக்கு சரி என்று அவளுக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதே நேரத்தில் பின்னால் கதவு திறந்து லுபோர் உள்ளே வந்தார். காலி அலமாரியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"யாரைக் கேட்டுத் திறந்தீங்க? பைத்தியமா பிடிச்சிருக்கு ரெண்டு பேருக்கும்? சேர்ந்து வாழறப்பவே என் உயிரை வாங்கினீங்க, இப்ப பிரிஞ்சும்..." என்று ஆரம்பித்தவர் திரையைப் பார்த்து நிறுத்தினார். பக்கத்தில் வந்தார். தானே விளக்கை நகர்த்தினார். நிலா அவருக்கும் நகர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதை நான் பார்க்கவே இல்லைன்னு சொல்லிக்க முடியுமா?"

"முடியாது," என்றாள் ரதானா.

"நாளைக்கு நீ பேசு. நான் பக்கத்துல உட்கார்றேன். ஆனா என் வாயால அதைச் சொல்ல வராது, ரதானா. சத்தியமா வராது."

வியாழக்கிழமைக் கூட்டம் திரையில் நடந்தது. ஏழு நாட்டு முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. நிலாவின் பாதையைக் கணக்கிட்ட இத்தாலியப் பேராசிரியர் பெல்த்ராமி முதலில் பேசி, குறியை நிலாவுக்கு மாற்றலாம் என்று முடித்தார். பாதிப்பேர் தலையாட்டினார்கள். கலத்தை ஓட்டும் குழுவின் தலைவி இங்கெ, ஜெர்மன்காரி, "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டாள். கேட்ட தோரணையில் ஆட்சேபம் இருக்காது என்ற நம்பிக்கை இருந்தது.

"உண்டு," என்றாள் ரதானா. "நிலா கிடையாது. அது எங்க கண்ணாடியோட கோளாறு."

முந்தின நாள் மேசையில் எடுத்த படங்களைக் காட்டினாள். அம்பையும், மூடாமல் விட்ட இடத்தையும் சொன்னாள். ஏன் மூடவில்லை என்று யாரோ கேட்டார்கள். "மூட வேண்டிய ரெண்டு பேர் அப்ப பேசிக்கலை. அதுல ஒருத்தி நான்," என்றாள். திரையில் யாரும் சிரிக்கவில்லை.

பெல்த்ராமி விடவில்லை. "மலினோவா அம்மா, நான் அந்த நிலா சுத்தற பாதையையே கணக்குப் போட்டு வச்சிருக்கேன்."

"நீங்க கணக்குப் போட்டது எங்க கண்ணாடி மேல சூரியன் நகர்ந்த பாதையை, பேராசிரியரே. கணக்கு சரிதான். நிலாதான் இல்லை."

"உங்க மேசையில ஒரு புள்ளி வந்தா, அங்க இருக்கிற புள்ளியும் பொய்யின்னு ஆயிடுமா?"

"ஆகாது. அதனாலதான் கேக்கறேன். கலத்தைத் தன் அச்சுலயே பாதி வட்டம் உருட்டி ஒரு படம் எடுங்க. நிஜ நிலான்னா கல்லுக்குப் பக்கத்துல அதே இடத்துல இருக்கும். எங்க தப்புன்னா வெளிச்சம் வேற பக்கம் படும், புள்ளி காணாமப் போகும்."

இங்கெ உடனே தலையசைத்து மறுத்தாள். "உருட்டினா ஆன்டெனா பூமியைப் பார்க்காது. ஒரு மணி நேரம் கலம் எங்களுக்குச் செவிடு, ஊமை. திரும்பி வரலைன்னா எல்லாம் போச்சு. மோதலுக்கு இவ்வளவு கிட்டத்துல நான் அதைத் தொட மாட்டேன்."

"தொடாம விட்டா நேரா போய் ஒண்ணுமில்லாத இடத்தை அடிக்கும். அதுக்கு ஊமையா இருந்தா என்ன, பாடிக்கிட்டே போனா என்ன?" ரதானாவின் குரல் உயர்ந்துவிட்டது. உயர்ந்ததைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. "நான் சொல்றது தப்பா இருந்தா இனிமே எங்க ஊர்ல ஒரு கண்ணாடிகூட வாங்காதீங்க. ஆனா ஒரு படம் எடுங்க. ஒண்ணு போதும்."

பக்கத்தில் லுபோர் கண்ணை மூடிக்கொண்டார். இங்கெ தன் குழுவிடம் ஏதோ கேட்டாள், தலையாட்டினாள். "நாளைக்கு உருட்டறோம்."

வெள்ளிக்கிழமை அந்த ஒரு மணி நேரம் ரதானாவுக்குச் சாப்பாடும் இறங்கவில்லை, உட்காரவும் முடியவில்லை. கலம் திரும்பி வராவிட்டால் அதைக் கொன்றவள் அவள்தான். யாரும் சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். கலம் பேசத் தொடங்கிவிட்டது என்று இங்கெயின் குரல் வந்தபோது அலோயிஸ் அவள் தோளைத் தட்டினான். அப்புறம் படம் வந்தது. நடுவில் பிராம்போரா. பக்கத்தில் ஒன்றும் இல்லை. பத்து நாள் உலகமே கொண்டாடிய நிலா துடைத்துவிட்டதுபோலப் போயிருந்தது.

சனிக்கிழமை சதுக்கத்தில் மேசை போட்டு, உருளைக்கிழங்கு சாலட்டும் ஹாமும் முட்டையும் அடுக்கிய ரொட்டித் துண்டுகள் தட்டுத் தட்டாக வரிசையில் இருந்தன. ரதானா மேடையேறி மைக்கைப் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. பேண்டுக் குழுத் தலைவர்தான் முதலில் வாய் திறந்தார். "மேயரம்மா, அப்ப நாங்க ஊதலாமா, வேண்டாமா?"

"ஊதுய்யா, பீர் பீப்பாய் திறந்தாச்சு!" என்றார் மேயர். ஊதினார்கள். பேக்கரிக்காரர் திங்கட்கிழமையிலிருந்து சின்னக் கொலாச்சை எடுத்துவிட்டார், விலையை மட்டும் குறைக்கவில்லை. ரதானாவுக்கு "நிலாக்காரி" என்று பெயர் விழுந்தது. முன்பு கைகுலுக்கியவர்களில் சிலர் இப்போது எதிர்ச்சாரியில் போனார்கள். வலித்தது. ஆனால் அதை நினைத்துக்கொண்டு உட்கார நேரமில்லை.

நிலா இல்லை என்று தெரிந்தால் போதாது. கடைசி மணி நேரத்தில் கலத்தை யாரும் ஓட்ட முடியாது; பூமியிலிருந்து சொல்லி அனுப்புவதற்குள் காரியம் முடிந்துவிடும். கலம் தன் கண்ணால் பார்த்து, வெளிச்சப் புள்ளியைத் தேடி, தானே போய் மோத வேண்டும். அது தேடும்போது பொய்ப் புள்ளியும் அங்கே இருக்கும். எந்த நிமிடத்தில் எந்த இடத்தில் இருக்கும் என்று கண்டுபிடித்து, அந்த இடத்தை நம்பாதே என்று கலத்துக்குச் சொல்லித்தர வேண்டும். ரதானாவும் அலோயிஸும் மாற்றுக் கேமராவின் முன்னால் உட்கார்ந்து, விளக்கை இழையிழையாக நகர்த்தி, பொய் நிலா போகும் பாதை முழுவதையும் அளந்தார்கள். அவன் விளக்கைப் பிடிப்பான், அவள் படம் எடுப்பாள். சண்டை போட்டார்கள். பழைய சண்டைகளையும் இடையிடையே போட்டார்கள். ஆனால் பேசாமல் மட்டும் ஒருமுறைகூட இருக்கவில்லை. அளந்து முடித்து அனுப்பியதும் இங்கெ ஒரே கேள்வி கேட்டாள்: "இதை நம்பிக் கலத்தை விடலாமா?"

"விடலாம்," என்றாள் ரதானா.

மோதல் நாளன்று காலையில் லுபோர் எல்லோரையும் கூப்பிட்டு, அடுத்த கேமரா ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விட்டது என்றார். காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தீட்டும் அறையிலிருந்த இரண்டு பேர் ரதானாவுக்கு வணக்கம் சொல்லாமல் போனார்கள். அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. யாரையாவது வேலையிலிருந்து அனுப்ப வேண்டி வந்தால் முதலில் என்னை அனுப்புங்கள் என்று லுபோரிடம் சொன்னாள்.

பிற்பகலில் பட்டறை முழுவதும் திரைக்கு முன்னால் கூடியது. நொடிக்கு ஒரு படமாக வந்துகொண்டிருந்தது. நடுவில் கல், கொஞ்சம் தள்ளிப் பொய்ப் புள்ளி. கல் இன்னும் சின்னதாகவே இருந்தது. புள்ளிதான் அதைவிடப் பிரகாசமாக மின்னியது. திடீரென்று கலம் உந்துகுழலை இயக்கித் திரும்பியது. கல் நடுவிலிருந்து நழுவிப் புள்ளிக்கு எதிர்ப்பக்கமாக ஒதுங்கியது.

"நிலாவை நோக்கிப் போகுது," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

தன் அளவு தப்பா? ஒரு விரற்கடையில் எங்காவது பிசகிவிட்டதா? அவள் தந்த சொல்லை நம்பித்தான் கலம் அங்கே தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அலோயிஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தான், வலிக்கும்படி. அடுத்த படம். அதற்கடுத்த படம். கல் மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தது, வந்து நின்றது. திருத்தம்தான், திசை மாற்றமில்லை. கலம் பொய்யைப் பார்த்துவிட்டு, நம்பாமல் கடந்து போய்க்கொண்டிருந்தது.

பிறகு கல் வளர ஆரம்பித்தது. உருளைக்கிழங்கு மாதிரி இல்லவே இல்லை. இஞ்சி மாதிரி கோணல்மாணலாக இருந்தது. பாறைகள் தெரிந்தன, பாறைகளின் நிழல் தெரிந்தது, சரளை தெரிந்தது. கல்லின் வெளிச்சத்தில் பொய் நிலா கரைந்து எங்கே போனதென்றே தெரியவில்லை. திரை முழுவதும் கல். கடைசிப் படம் பாதிவரை வந்தது. மீதி இருட்டு.

"பட்டுடுச்சு!" என்றாள் இங்கெ ஸ்பீக்கரில். அந்த ஜெர்மன்காரியின் குரல் உடைந்து அன்றைக்குத்தான் கேட்டார்கள்.

பட்டறையே கத்தியது. வணக்கம் சொல்லாமல் போன இருவரில் ஒருவர் ரதானாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். அவள் அழுதாள், மறைக்காமல் அழுதாள். இந்தக் களேபரத்தில் லுபோரின் மேசைமேல் தொலைபேசி அடித்தது. தலைநகர் பிராகிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர். லுபோர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. இவர் எதையாவது பூசி மெழுகி வைக்கப் போகிறார் என்று ரதானா கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனாள். அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"ஆமாங்க," என்றார் தொலைபேசியில், அறை முழுவதும் கேட்கும்படி. "அந்த நிலா எங்க தப்புதான். வேற யார் தப்பும் இல்லை. செமிலியில செஞ்ச தப்பு. எழுதிக்கிட்டீங்களா? இப்ப அந்தக் கல்லைத் தேடிப் போய் அடிச்சுதே, அந்தக் கண்ணும் செமிலியில செஞ்சதுதான். ரெண்டையும் ஒரே வரியில போடணும். ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணைப் போட்டீங்கன்னா நாளைக்கே பஸ் ஏறி உங்க ஆபீசுக்கு வந்துடுவேன்."